மறு: ரஸ்ட் பிழைச்செய்திகளில் 'பாரோ': கடனா, இரவலா?

அனைவருக்கும் வணக்கம். ரஸ்ட் நிரல்மொழியின் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து, ஓடும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) தரும் பிழைச்செய்திகளைத் தமிழாக்கும் பேச்சைத் தொடர்கிறேன். 'பாரோ' (borrow) என்றால் ஒரு மதிப்பை உரிமை எடுத்துக்கொள்ளாமல் பயன்படுத்துவது; 'மூவ்' (move) என்றால் உரிமையையே இன்னொருவருக்குத் தந்துவிடுவது.

> 'பாரோ' என்பதற்குக் கடன் என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும். உடைமை (ஓனர்ஷிப்), கடன், நகர்வு (மூவ்), வாழ்நாள் (லைஃப்டைம்). நான்கோடு வேலை முடிந்தது.

ஐயா, உடைமையில் எனக்கு மறுப்பில்லை. கடன்தான் உதைக்கிறது. நூறு ரூபாய் கடன் வாங்கியவர் அதைச் செலவழித்துவிட்டு வேறு நூறு ரூபாயைத் தந்தால் கணக்கு தீர்ந்தது. ரஸ்டில் அது நடக்காது. ஒரு ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) பாரோ செய்யும் செயற்கூறு (ஃபங்ஷன்) பார்ப்பது அதே ஸ்ட்ரிங்கை, அதே நினைவக இடத்தில். அதை அழிக்கவோ இன்னொருவருக்கு உரிமையாக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. இதற்கென்றே நம்மிடம் 'இரவல்' இருக்கிறது. இரவல் நகையை விற்கக் கூடாது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கம்பைலர் எண்ணிட்டுத் தரும் பிழைகளில் பொருத்திப் பாருங்கள். 0505: "இரவலில் இருக்கும் மதிப்பை வேறொருவருக்கு ஒப்படைக்க முடியாது." 0597: "இரவல் தந்த மதிப்பின் ஆயுள் போதவில்லை." வாழ்நாளை விட்டு ஆயுளைப் பிடித்ததும் இதனால்தான். 'வாழ்நாள் போதவில்லை' என்று யாரும் பேசுவதில்லை. சரிபார்க்கும் பகுதிக்கு 'இரவல் சரிபார்ப்பி' போதும்.

'மியூட்டபிள்' (மாற்றத்தக்கது) என்பதுதான் தொல்லை. வேரியபிளை மாறி என்று பல்லாண்டாக எழுதிவிட்டோம். ரஸ்டிலோ 'மியூட்' என்ற திறவுச்சொல்லைச் சேர்க்காவிட்டால் மாறி மாறாது. 'மாறாத மாறி' என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும். ஆகவே மாறியைத் தொடாமல் இரவலைப் பிரிக்கிறேன்: வாசிப்பு இரவல், திருத்த இரவல். ஒரே நேரத்தில் வாசிப்பு இரவல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். திருத்த இரவல் என்றால் ஒன்றே ஒன்று, கூடவே வாசிப்பு இரவலும் கூடாது. இரண்டு திருத்த இரவல் மோதினால் 0499. வாசிப்பும் திருத்தமும் மோதினால் 0502.

0502-ல் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் கம்பைலரோடு சண்டை போடும் இடம் அதுதான். ஒரு வெக்டரின் (நீளக்கூடிய பட்டியலின்) முதல் உறுப்புக்கு வாசிப்பு இரவல் எடுக்கிறார்கள். பிறகு வெக்டரின் கடைசியில் ஓர் எண்ணைப் புஷ் செய்கிறார்கள். அப்புறம் முதல் உறுப்பை அச்சிடுகிறார்கள். "கடைசியில்தானே சேர்த்தேன், முதலாவதற்கு என்ன வந்தது?" நியாயமான கேள்வி. ஒதுக்கிய இடம் நிரம்பியிருந்தால் புஷ் பெரிய இடம் ஒன்றைப் பிடித்து, எல்லா உறுப்புகளையும் அங்கே கொண்டுபோய், பழைய இடத்தை விடுவித்துவிடலாம். அப்போது கையிலுள்ள இரவல் செத்த இடத்தைக் காட்டும். சி பிளஸ் பிளஸில் இதே நிரல் மறுப்பில்லாமல் கம்பைல் ஆகும். ஓடும்போது என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அச்சிடுவதைப் புஷ்ஷுக்கு முன்னால் வைத்தால் பிழை மறைந்துவிடும். இரவல் அதன் கடைசிப் பயன்பாட்டோடு முடிகிறது. ரஸ்டின் 2018 பதிப்புக்கு முன் அது நிரல்பகுதியின் அடைப்புக்குறி முடியும் வரை இழுத்துக்கொண்டிருந்தது. எனவே 'இரவல் காலம்' என்று தனிச்சொல் வேண்டும்; மதிப்பின் ஆயுளும் இதுவும் வேறு வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் 0597-ஐ விளக்கவே முடியாது.

> 'மூவ்' என்பதற்கு நகர்வு வேண்டாமென்றால் அக்கா சொன்ன 'கைமாறிய மதிப்பு' நன்றாகத்தானே இருக்கிறது?

எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் எங்கள் பக்கம் 'கைமாற்று' என்றால் நாலு நாளில் திருப்பித் தருகிறேன் என்று வாங்கும் பணம். இரவலின் பக்கத்திலேயே இந்தச் சொல்லை உட்கார வைத்தால் குழப்பம் நிச்சயம். நகர்வும் ஏமாற்றும்: ஒரு ஸ்ட்ரிங்கை வேறு மாறிக்குத் தந்தால், 64 பிட் கணினியில் போவது சுட்டி, நீளம், கொள்ளளவு என்ற 24 பைட்தான். எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பொறுப்பு மட்டும் மாறுகிறது. 'ஒப்படைப்பு' என்பேன். ஒப்படைத்ததையே மீண்டும் பயன்படுத்தினால் வரும் 0382-ல் கம்பைலர் மூன்று இடங்களைக் காட்டும் ('காப்பி' என்பது மதிப்பைத் தானாகப் படியெடுக்கும் பண்பு): "இந்த வகைக்கு 'காப்பி' இல்லாததால் ஒப்படைப்பு நிகழ்ந்தது", "மதிப்பு இங்கே ஒப்படைக்கப்பட்டது", "ஒப்படைத்த பிறகு இங்கே பயன்படுத்தப்படுகிறது". வாசித்தவுடன் தவறு எங்கே என்று தெரிகிறதல்லவா?

'காப்பி', 'குளோன்' (நாம் கேட்டால் படியெடுப்பது) இரண்டையும் தமிழாக்க வேண்டாம். மாணவர் நிரலில் தட்டச்சு செய்ய வேண்டிய பெயர்கள் அப்படியே இருக்கட்டும். விளக்கத்துக்கு வரும் சொற்களை மட்டும் நாம் பார்ப்போம்.

அந்த விதி 0373-ல் எனக்கே இடிக்கிறது. க்ளோஷர் (சுற்றியுள்ள மாறிகளைப் பயன்படுத்தும் பெயரில்லாச் செயற்கூறு) ஒன்று வெளியிலுள்ள மாறியை இரவல் எடுத்துக்கொண்டு புதிய த்ரெட்டுக்கு (இணையாக ஓடும் நிரல் இழைக்கு) போக முயலும்போது வரும் பிழை அது. தீர்வாகக் கம்பைலர் காட்டுவது 'மூவ்' என்ற திறவுச்சொல். அதை நிரலில் எழுதியாக வேண்டும். விளக்கத்தில் ஒப்படைப்பு, நிரலில் மூவ் என்று இரண்டாக நிற்பது வகுப்பில் சரிப்படுமா? பாடம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்.