ஹவாய்க்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெற்றோருக்கு: ஹவாய் மொழிவழி அரசுப் பள்ளிகள் பற்றி

வணக்கம். வேலை மாறி ஹவாய்க்கு வரும் குடும்பங்கள் இந்த இழையில் திரும்பத் திரும்பக் கேட்பது இது: "பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் கணக்கு, அறிவியல் எல்லாமே ஹவாய் மொழியில் நடக்கிறதாமே? நம் பிள்ளையைச் சேர்க்கலாமா? சேர்த்தால் ஆங்கிலம் என்ன ஆகும்?" வாடகை, கார், மருத்துவக் காப்பீடு பற்றி மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். என் மகள் ஓவாஹு தீவில் இப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள். அதனால் இதை மட்டும் நான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

இவற்றைக் கையாபுனி பள்ளிகள் என்பார்கள். மாநிலக் கல்வித் துறையின் கீழ் வரும் சாதாரண அரசுப் பள்ளிகள்தான், கட்டணம் கிடையாது. சில ஊர்களில் ஒரே வளாகத்தில் ஆங்கில வகுப்புகளும் கையாபுனி வகுப்புகளும் தனித்தனியாக நடக்கும். சார்ட்டர் பள்ளிகளாக (அரசு நிதியில், தனி நிர்வாகத்தின் கீழ்) நடப்பவையும் உண்டு, அவையும் இலவசம். ஹவாயர் அல்லாத பிள்ளைகளும் சேரலாம். புதிதாக வருபவர்கள் பலர் இதைக் கமெஹமெஹா பள்ளிகளோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தனியார் அறக்கட்டளை நடத்துவது, ஹவாய்ப் பூர்வகுடி வழிவந்த பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருவது. இரண்டும் வேறு.

சேர்ப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன்பு, இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் உள்ளே போனால் அங்கே நடக்கும் பல விஷயங்கள் புரியாது.

ஹவாய் ஒரு தனி நாடாக இருந்தது. அதன் அரசுப் பள்ளிகள் தொடக்கத்தில் ஹவாய் மொழியில் நடந்தன. 1834இல் முதல் ஹவாய் மொழிப் பத்திரிகை வந்தது. அதன்பின் நூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வந்தன. எழுத்தறிவில் அன்றைய உலகில் முன்னணியில் நின்ற மக்கள் இவர்கள். 1893 ஜனவரியில் அமெரிக்க வணிகர்கள், கரையிறங்கிய அமெரிக்கக் கடற்படையினரின் துணையோடு, ராணி லிலியுவோகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1896இல், பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்று மொழி என்று சட்டம் வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய தாத்தா பாட்டிகளின் கதையை இங்கே உள்ள ஹவாய்க் குடும்பங்களில் கேட்கலாம். அவர்கள் தம் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லித்தரவில்லை. 1980களின் தொடக்கத்தில், நிஇஹௌ என்ற சிறு தீவைத் தவிர, மொழியைச் சரளமாகப் பேசும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை.

அங்கிருந்துதான் மீண்டு வந்திருக்கிறார்கள். 1972இல் லாரி கிமுரா என்ற ஹவாய் மொழி ஆசிரியர், தாய்மொழியாகவே பேசி வளர்ந்த முதியவர்களை வானொலியில் பேசவைத்துப் பதிவு செய்யத் தொடங்கினார். 1978இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டு, ஹவாய் மொழி ஆங்கிலத்தோடு சேர்ந்து ஆட்சிமொழி ஆனது. பொதுப் பள்ளிகளில் ஹவாய் மொழி, பண்பாடு, வரலாறு கற்பிக்கும் பொறுப்பும் அரசின் தலையில் வந்தது. 1983இல் ஒரு சிறு குழு ஆஹா பூனன லெயோ என்ற அமைப்பைத் தொடங்கியது. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் அப்போதுதான் தங்கள் மொழியில் மழலையர் பள்ளிகளைத் தொடங்கியிருந்தார்கள். அந்த முன்மாதிரியைப் பார்த்து 1984இல் கவாய் தீவின் கெகாஹாவில் முதல் மழலையர் பள்ளி திறந்தது. 1896 சட்டத்தின் தடை அப்போதும் நீங்கவில்லை! பெற்றோர்கள் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்து 1986இல் அதை மாற்றவைத்தார்கள். 1987இல் ஓவாஹுவின் வையௌவிலும், 'பெரிய தீவு' என்று அழைக்கப்படும் ஹவாய் தீவில் உள்ள ஹிலோ நகரின் கெயௌகாஹாவிலும் அரசுப் பள்ளி வகுப்புகள் தொடங்கின. பாடப் புத்தகமே இல்லை. ஆங்கிலப் புத்தகங்களின் மேல் ஹவாய் மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்து, வெட்டி ஒட்டிக் கொடுத்தது பெற்றோரும் ஆசிரியர்களும்தான். மழலையர் பள்ளியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஹவாய் மொழியிலேயே படித்த முதல் மாணவர்கள் 1999இல் வெளியே வந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தப் பள்ளியில் இடம் கேட்பது நல்ல நீச்சல் வகுப்பில் இடம் கேட்பது மாதிரி அல்ல. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் திரும்ப வென்றெடுத்த இடம் இது. நம்மை வரவேற்கிறார்கள். வருபவர்களுக்கும் அதற்கேற்ற பொறுப்பு இருக்க வேண்டும்.

சரி, ஆங்கிலம் பற்றிய பயத்துக்கு வருகிறேன். கையாபுனி முறையில் ஆங்கிலம் ஐந்தாம் வகுப்பில்தான் பாடமாகத் தொடங்கும். அதுவரை எழுதுவது, படிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் ஹவாய் மொழியில். நம்மவர்களுக்கு இதைக் கேட்டதும் பகீர் என்கிறது. ஆனால் விளையாட்டு மைதானம், தொலைக்காட்சி, கடை, அடுத்த வீடு என்று பிள்ளையைச் சுற்றி நாள் முழுவதும் ஆங்கிலம்தான் இருக்கிறது. இங்கே வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் வராமல் போக வழியே இல்லை. அதே பெரிய தீவின் கெயாவ் பகுதியில் உள்ள நாவஹீ பள்ளி, மழலையர் முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை முழுக்க ஹவாய் மொழியில் நடப்பது. அங்கே படித்து முடித்தவர்களில் பலர் கல்லூரிக்குப் போய், பல துறைகளில் வேலை செய்கிறார்கள். என் மகள் நான்காம் வகுப்பில் ஆங்கிலக் கதைப் புத்தகங்களைத் தானாகவே எடுத்துப் படிக்கத் தொடங்கினாள், யாரும் சொல்லித்தரவில்லை.

உங்களுக்கு உண்மையில் கடினமாக இருக்கப்போவது வீட்டுப்பாடம். ஒன்றாம் வகுப்புக் கணக்குத் தாளில் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே புரியாது. அதனால் நீங்களும் மொழி கற்க வேண்டும், இதில் சமரசம் இல்லை. பூனன லெயோ மழலையர் பள்ளிகளில் பெற்றோர் வாரந்தோறும் மொழி வகுப்புக்கு வர வேண்டும், பள்ளி வேலைகளிலும் கைகொடுக்க வேண்டும் என்பது சேரும்போதே சொல்லப்படும் நிபந்தனை. (அவை தனியார் பள்ளிகள், கட்டணம் உண்டு, உதவித்தொகையும் உண்டு.) அரசுப் பள்ளிகளில் இது பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆனால் எதிர்பார்ப்பு எல்லா இடத்திலும் இருக்கிறது. டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் 2018 முதல் ஹவாய் மொழி இருக்கிறது, தொடக்கத்துக்கு அது போதும். இணையத்தில் வெஹெவெஹெ அகராதி இலவசம். தமிழர்களுக்கு ஒரு வசதி: குறில் நெடில் வேறுபாடு இந்த மொழியில் பொருளையே மாற்றும், அது நம் காதுக்குப் பழகிய விஷயம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் வகுப்பு தொடங்கும் முன்பு பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, உள்ளே வர அனுமதி கேட்டு ஓதுவார்கள். உள்ளிருந்து ஆசிரியர் பதில் ஓதிய பிறகுதான் நுழைவார்கள். பெற்றோர்களும் பின்னால் நின்று சேர்ந்து ஓதுவது வழக்கம். அந்த நேரத்தில் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். தெரியாவிட்டால் அமைதியாக நில்லுங்கள், சில வாரங்களில் மனப்பாடம் ஆகிவிடும்.

யார் சேர்க்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து திரும்பிப் போகப்போகிறவர்கள் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. இடம் குறைவு, ஆசிரியர் குறைவு. பாதியில் விட்டுப்போகும் பிள்ளையின் இடம், ஒரு ஹவாய்க் குடும்பம் காத்திருந்த இடமாக இருக்கலாம். பிள்ளை மூன்றாம் நான்காம் வகுப்பில் இருந்தாலும் சிரமம்தான். பெரும்பாலும் மழலையர் வகுப்பிலோ (கிண்டர்கார்டன்) ஒன்றாம் வகுப்பிலோதான் புதிதாகச் சேர்ப்பார்கள், ஏனென்றால் மொழி தெரியாமல் பின்னால் வந்து சேரும் பிள்ளை வகுப்பில் ஊமையாக உட்கார வேண்டியிருக்கும்.

அப்புறம், தமிழ். "ஏற்கெனவே இரண்டு மொழி, தமிழும் வேண்டுமா" என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் ஹவாய், தெருவில் ஆங்கிலம். பிள்ளைகள் சமாளிப்பார்கள். நான் பார்த்த ஆசிரியர்கள் யாரும் வீட்டுமொழியை விடச் சொன்னதில்லை. இடம் எது, மொழி எது என்ற ஒழுங்கை அவர்களைவிட நன்றாகப் புரிந்தவர்கள் யார்?

பிள்ளையைச் சேர்க்காதவர்களும் இந்தப் பள்ளிகளுக்குத் துணையாக நிற்க முடியும். நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். ஹவாய் முழுவதற்கும் ஒரே பள்ளி மாவட்டம். மற்ற மாநிலங்களைப் போல ஊர் சொத்து வரியில் பள்ளிகள் ஓடுவதில்லை, மாநிலப் பொது நிதியில் ஓடுகின்றன. கடையில் அரிசி வாங்கும்போதுகூட நாம் கட்டும் பொது விற்பனை வரி அந்த நிதியில்தான் சேர்கிறது. ஆக, பள்ளிகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதை முடிவு செய்வது ஹொனலூலுவில் உள்ள சட்டமன்றம். அது ஜனவரி மூன்றாம் வாரத்தில் கூடி மே தொடக்கம்வரை நடக்கும். ஒரு மசோதா குழுவின் முன் வரும்போது யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். குடியுரிமை, வாக்குரிமை எதுவும் வேண்டாம், எச்1பி விசாவில் இருப்பவரும் எழுதலாம். சட்டமன்றத் தளத்தில் கணக்குத் தொடங்கி, மசோதா எண்ணைப் போட்டு, அரைப் பக்கம் எழுதினால் போதும். அறிவிப்பு இரண்டு மூன்று நாள் முன்புதான் வரும், எனவே மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிந்து வையுங்கள். மாநிலக் கல்வி வாரியக் கூட்டங்களிலும் இப்படியே பேசலாம்.

என்ன எழுதுவது என்று கேட்கிறீர்களா? இப்போதைய பெரிய தேவை ஆசிரியர்கள். மொழியும் சரளமாக வர வேண்டும், உரிமமும் வேண்டும், இந்தத் தீவுகளின் வாடகையில் ஆசிரியர் சம்பளத்தில் வாழவும் வேண்டும். 2020இலிருந்து கையாபுனி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் கூடுதலாகத் தருகிறார்கள். அது தொடர வேண்டும் என்று எழுதுங்கள். ஹிலோவில் உள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சிக்கு நிதி கேட்டு எழுதுங்கள். பள்ளிப் பேருந்து பற்றி எழுதுங்கள், ஏனென்றால் கையாபுனி பள்ளி பல குடும்பங்களுக்குத் தொலைவில் இருக்கிறது.

இது தயவு கேட்பதும் அல்ல. லானாய் தீவில் ஒரு தாய், தன் மகள்களுக்கு அங்கே ஹவாய் மொழிவழி வகுப்பு இல்லை என்று வழக்குப் போட்டார். 2019இல் மாநில உச்ச நீதிமன்றம், 1978 திருத்தத்தின்படி இந்தக் கல்வியை எட்டும் வகையில் நியாயமான முயற்சிகள் எடுப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆசிரியர் கிடைக்கவில்லை என்று சொல்லி அரசு கையை விரித்துவிட முடியாது. இந்தத் தீர்ப்பு நம்மைப் போன்ற வரி கட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

"அக்கா, நான் ஹிலோவுக்கு வானியல் வேலைக்கு வருகிறேன். அங்கே மௌனா கேயா மலைத் தொலைநோக்கி விவகாரம் இருக்கிறதே, இந்தப் பள்ளிகளில் நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?"

தம்பி, நல்ல கேள்வி. அந்த மலையில் கட்டத் திட்டமிட்ட முப்பது மீட்டர் தொலைநோக்கியில் இந்தியாவும் பங்காளி. 2019இல் அந்த மலைப்பாதையில் அதைத் தடுத்து நின்றவர்களில் கையாபுனி பள்ளிகளில் படித்தவர்களும் கற்பிப்பவர்களும் இருந்தார்கள். அது அவர்களுக்குப் புனித மலை. உங்களிடம் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் "நான் வெறும் விஞ்ஞானி" என்று ஒதுங்கிப் பேசாதீர்கள், முதலில் கேளுங்கள். அதே 2019இல் உலகம் முதன்முதலாகப் பார்த்த கருந்துளைப் படத்துக்கு மௌனா கேயாவின் தொலைநோக்கிகளும் உழைத்தன. அந்தக் கருந்துளைக்குப் போவெஹி என்று ஹவாய்ப் பெயர் தந்தவர் மேலே சொன்ன அதே லாரி கிமுரா. ஹிலோவின் இமிலோவா வானியல் மையத்தில் மொழிக்காரர்களும் வானியலாளர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். அங்கே போய்ப் பழகுங்கள்.

"கவாய் தீவுக்கு வருகிறோம். அங்கே உண்டா?"

உண்டு. லிஹுவேயில் கவாய்கினி சார்ட்டர் பள்ளி இருக்கிறது, சமுதாயக் கல்லூரியை ஒட்டி. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் வழிவந்த சைவ ஆதீனமும், 2023இல் குடமுழுக்கு கண்ட இறைவன் கோயிலும் அதே தீவில்தான். அங்கே வரும் தமிழ்க் குடும்பங்களிடமும் பள்ளி பற்றி விசாரியுங்கள்.

"விண்ணப்பம் எப்போது?"

ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் மழலையர் வகுப்பு. உங்கள் பகுதிக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளி என்றால் ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை விலக்கு விண்ணப்பம் போட வேண்டும். சார்ட்டர் பள்ளிகளுக்குத் தனித் தேதிகள், அங்கேயே கேளுங்கள். தடுப்பூசி அட்டை, மருத்துவப் பரிசோதனைத் தாள், காசநோய்ச் சான்று மூன்றையும் முதல் நாளுக்கு முன்பே தயாராக வைத்திருங்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் காசநோய்ச் சான்றை இங்கே வந்து வாங்க வேண்டும், பிசிஜி தழும்பைக் காட்டினால் போதாது. சில பிள்ளைகளுக்கு மார்பு எக்ஸ்ரே கேட்பார்கள், அதனால் ஜூலையிலேயே முடித்துவிடுங்கள்.