இயற்கை உணவு என்று நினைத்துக் குட்டியின் காலை வளைத்துவிட்டேன்: நாய்க்கு வீட்டுச் சாப்பாடு கொடுப்பவர்களின் அனுபவங்கள்

தக்கலையிலிருந்து:

நாற்பது நாள் குட்டியாக எடுத்து வந்தோம். நாட்டு நாய், உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. பாக்கெட் தீவனம் வேண்டாம், வீட்டில் சமைத்த இயற்கை உணவுதான் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். தினமும் எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து கொடுப்பேன். வாரம் ஒருமுறை கொஞ்சம் ஈரல். நமக்குக்கூட இப்படிச் சாப்பாடு இல்லை என்பார் மாமியார். குட்டியும் மினுமினுவென்று வளர்ந்தது.

நான்காம் மாதத்தில் ஒரு காலை, அடுக்களை வாசலில் நின்று கூப்பிட்டேன். மூன்றே படிகள். கீழே நின்று வாலை ஆட்டியது, ஏறவில்லை. முன்னங்காலை முதல் படியில் வைத்தது, உடனே எடுத்துக்கொண்டது. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன. கால் வில்லாக வளைந்திருந்தது. தூக்கியதும் முனகியது. தினமும் அதைக் கொஞ்சுகிற எனக்கு அன்றுவரை அது கண்ணில் படவில்லையே என்பதை இன்றும் தாங்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டும். எங்கள் குட்டிக்கு எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது; கால்சியமோ பத்துப் பதினைந்துதான். வளரும் குட்டிக்குப் பாஸ்பரஸைவிடக் கால்சியம் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். சாப்பாட்டில் கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்கிறது. ஓநாய் இரையின் சதையோடு எலும்பையும் கடித்துத் தின்கிறது. நான் சதையை மட்டும் கொடுத்துவிட்டு அதை இயற்கை என்று நம்பியிருந்தேன்.

இரண்டு மாதம் குட்டிகளுக்கான பாக்கெட் தீவனமே கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். ஓடவிடாமல், குதிக்கவிடாமல் வைத்திருந்தோம். அதன் பிறகுதான் அவரிடமே அளவு கேட்டு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம். உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

குளச்சலிலிருந்து:

அக்கா, எங்களுக்குக் கடல் பக்கம் என்பதால் சாளைதான், அதாவது மத்தி மீன். சிறுவயதில் கரையில் கிடக்கும் மீனைப் பச்சையாகவே நாய்க்கு எறிவோம். இப்போது அப்படிச் செய்வதில்லை. சாளை, நெத்திலி போன்ற சில மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகத் தின்றால் நரம்பு பாதிக்கும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். குக்கரில் உப்பில்லாமல் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்தால் சாளை முள்ளும் விரலால் நசுங்குகிற அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். முள்ளோடு மசித்துக் கொடுக்கலாம், கால்சியமும் சேரும். பெரிய மீனின் முள்ளை அப்படி நம்பாதீர்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவும் உப்பு.

கருங்கல்லிலிருந்து:

மீன் நல்லது, மீன்குழம்பு ஆபத்து. போன ஆண்டு வீட்டில் ஒரு விசேஷம். மிஞ்சிய குழம்பையும் கறிக்கூட்டையும் நான்கைந்து நாள் சோற்றில் விட்டுப் பிசைந்து வைத்தோம். நாய் சோர்ந்து படுத்துவிட்டது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடந்தது. சிறுநீர் கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் போனது. காரணம் உள்ளி, அதாவது வெங்காயம். சின்ன உள்ளியோ பெரிய உள்ளியோ பூண்டோ, எல்லாமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பிழைத்துக்கொண்டது. அன்றுமுதல் மசாலா சேர்ப்பதற்கு முன்பே நாயின் பங்கைத் தனியாக எடுத்துவிடுகிறோம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் அதற்கு ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

குலசேகரத்திலிருந்து:

நாய்க்குச் சோறே ஆகாது என்று சிலர் சொல்வதைக் கேட்டு நானும் நிறுத்தியிருந்தேன். அது சரியில்லை. நாய்களுக்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட அதிகம் என்று 2013இல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்திருக்கிறது. எங்கள் நாய்க்கு மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) என்றால் உயிர். தோலுரித்துத் துண்டாக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொடுப்பேன். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் சயனைடு உண்டு. தோலை நாய் எட்டாத இடத்தில் போடுங்கள்.

தக்கலையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. உள்ளி விஷயம் எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. இன்றே மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

கால்சியத்துக்கு நான் சேர்ப்பது முட்டை ஓடு. கழுவி, கொதிநீரில் போட்டு எடுத்து, நன்றாகக் காயவைத்து, மிக்சியில் மாவாக அரைத்துக்கொள்கிறேன். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம் தூளில், கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கிறது. குட்டி வைத்திருப்பவர்கள் தங்கள் குட்டியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு வாங்குங்கள், கூடினாலும் கெடுதல்தான். வேகவைத்த கோழி எலும்பைக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள், சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

இடதுகால் இன்னும் சற்று வளைந்துதான் இருக்கிறது, இனி அது அப்படியேதான் இருக்குமாம். ஆனால் மீன்காரரின் ஹாரன் கேட்டால் மூன்று படியையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது குளச்சல் அண்ணன் என்ன கொடுக்கிறார் என்று சொன்னால் எனக்கு உதவும்.