நாவல் பாதியில நின்னுபோச்சு, பதிப்பகம் பணம் கேக்குது. என்ன செய்யட்டும்?

பாம்பன்காரி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன் சின்னப்பாலம். நண்டு கம்பெனியில கணக்கு எழுதுறேன். எங்கம்மா முப்பது வருசமாப் பாசி எடுக்கக் கடலுக்குப் போறாங்க. அவங்களையும் கூட வள்ளத்துல போற பொம்பளைங்களையும் வச்சு ஆறு வருசமா ஒரு நாவல் எழுதுறேன். பழைய பில் புக்கு பின்பக்கத்துல ஆரம்பிச்சது, இப்பப் போன்ல தட்டி 260 பக்கம் வந்திருக்கு.

முதல் பாதி தானா வந்துச்சு. விரல்ல துணி சுத்துறது, கண்ணாடி மாட்டி முங்குறது, பாறை இடுக்குல மரிக்கொழுந்துப் பாசியப் பிடுங்குறது, கரைக்கு வந்ததும் யாவாரி தராசுல நிக்கிற முள்ளு, எல்லாம் நான் பாத்து வளந்தது. எங்க மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் 1986ல தேசியப் பூங்காவானப்ப அம்மா சின்னப் புள்ள. அம்மாச்சி தீவுலயே தங்கிப் பாசி காயவச்சவங்க. அம்மா தீவுப் பக்கம் போனா வனத்துறைப் படகு வருதான்னு ஒரு கண்ண வெளிய வச்சுக்கிட்டுத்தான் முங்கணும். மாசத்துக்கு 12 நாள்தான் போறதுன்னு இந்தப் பொம்பளைங்களே பேசி முடிவு பண்ணி வச்சிருக்காங்க. இது வெளிய எத்தனை பேருக்குத் தெரியும்? இதுக்காகத்தான் எழுதவே உக்காந்தேன்.

நாவல்னா நடுவுல பெருசா ஒண்ணு நடக்கணுமேன்னு 1964 தனுஷ்கோடிப் புயலக் கொண்டுவந்தேன். எட்டு மாசமாச்சு, மூணு அத்தியாயத்தத் தாண்டல. ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்தா ஒரு வரி வர்றதில்ல. போன மாசம் அதுல ரெண்டு அத்தியாயத்த இங்க போட்டிருந்தேன்.

ரெண்டாவது விசயம். முதல் பாதிய ஒரு பதிப்பகத்துக்கு அனுப்புனேன். போடலாம், 300 பிரதிக்கு 65,000 ரூபா நீங்க தரணும்னாங்க. ‘நீவாடு’, ‘கச்சான்’ எல்லாம் யாருக்கும் புரியாது, ‘கடல் நீரோட்டம்’, ‘மேற்குக் காற்று’னு மாத்துங்கன்னும் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. சீட்டு எடுத்தா பணம் பொரட்டிரலாம். கொடுக்கவா வேணாமா?

கீழக்கரை வாசகி:
தங்கச்சி, ரெண்டு அத்தியாயத்தையும் படிச்சேன். மனசு விட்டுச் சொல்றேன், வருத்தப்படாதம்மா. புயல் அத்தியாயத்துல உன் குரல் இல்ல. டிசம்பர் 22 ராத்திரி, பயணிகளோட போன ரயிலு, இடிஞ்ச சர்ச்சு, இதெல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் மனப்பாடம். நீ படிச்சு எழுதியிருக்கே, பாத்து எழுதல. ஆனா அதுக்குள்ள ஒரே ஒரு எடம், உன் அம்மாச்சி காய்ஞ்ச பாசி மூட்டைய விடமாட்டேன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது, அதப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்த மூடுற மாதிரி போன மூடி வச்சுட்டேன். அந்தப் பொம்பளையப் புடிச்சுக்க. புயல் போகட்டும்.

தொண்டிக் கரை:
பணம் கொடுக்காதீங்க சகோதரி. நான் என் முதல் நாவலுக்கு 40,000 கொடுத்தேன். வீட்டுக்கு நாலு கட்டு வந்து எறங்குச்சு. கடைக்கும் போகல, நூலகத்துக்கும் போகல. என் மனைவியோட தோடு இன்னும் அடகுலதான் இருக்கு. பதிப்பகம் உங்க எழுத்த நம்புனா அச்சுச் செலவு அவங்களோடது. உங்களுக்கு வர வேண்டியது ராயல்டி, தமிழ்ல பெரும்பாலும் விலையில 10 சதவீதம்.

எங்க கொடுத்தாலும் ஒப்பந்தத்தப் படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி உரிமைய எழுதிக் கொடுத்தாத்தான் செல்லும். எத்தனை வருசம்னு அதுல குறிக்கலைன்னா அஞ்சு வருசம்னுதான் அர்த்தம். ‘எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே’னு ஒரு வரி இருந்தா அத அடிக்கச் சொல்லுங்க. சினிமா, மொழிபெயர்ப்பு, மின்நூல் மூணையும் தனித்தனியாக் கேளுங்க. நீங்களே அச்சடிக்கிறதா இருந்தாலும் ஐஎஸ்பிஎன் நம்பர, அதாவது புத்தகத்துக்கான அடையாள எண்ண, நம்ம நாட்டுல இலவசமாத்தான் தர்றாங்க, அதுக்குன்னு எவனாவது காசு கேட்டா கொடுக்காதீங்க.

மெய்ப்பு (மதுரை):
பதினஞ்சு வருசமா மெய்ப்புப் பாக்குறேன், அதாவது அச்சுக்குப் போற பக்கத்துல பிழை திருத்துற வேலை. ‘நீவாடு’ங்கிற சொல்ல எடுத்துட்டா அந்தப் பக்கத்துல கடலே இருக்காது. எடுக்காதீங்க. ஆனா ஒரு குறை இருக்கு. உங்க கதைசொல்லி சில எடத்துல சின்னப்பாலத்துத் தமிழ் பேசுறா, அடுத்த பத்தியிலயே பாடப்புத்தகத் தமிழுக்குத் தாவிடுறா. அது பயத்துல வந்தது மாதிரி இருக்கு. ஒண்ண முடிவு பண்ணிக்கிட்டு முதல்ல இருந்து திருத்துங்க. பின்னாடி அருஞ்சொல் பட்டியல் போட்டு ஒப்பேத்தாதீங்க. ஒரு ஆள் நீவாட்டுல இழுபட்டா வாசகனுக்குத் தானாப் புரிஞ்சிரும்.

பாம்பன்காரி:
மூணு பேருக்கும் நன்றி. கீழக்கரை லாத்தா சொன்னதப் படிச்சதும் அழுதுட்டேன், கோவத்துல இல்ல. அந்த மூட்டை விசயம் மட்டும்தான் அம்மாச்சி வாயால கேட்டது. மத்ததெல்லாம் பேப்பர்ல படிச்சது.

நேத்து அம்மாகிட்ட கேட்டேன், நீவாடு இழுக்கையில என்னம்மா நெனப்பேன்னு. “நெனக்கவா முடியும்? கையில இருக்கிற பாசிய விடணுமா வேணாமான்னுதான் ஓடும்”னாங்க. அம்மாச்சி மூட்டைய விடல, அம்மா ஒரு தடவ விட்டிருக்காங்க. அன்னைக்கு வெறுங்கையோட வந்ததுக்காக அப்பா மூணு நாள் பேசலையாம். இது எனக்கு இத்தனை வருசமாத் தெரியாது. ராத்திரியே நாலு பக்கம் எழுதிட்டேன். புயல் மூணு அத்தியாயத்தையும் தனியா எடுத்து வச்சிருக்கேன், அழிக்க மனசு வரல.

பணம் கொடுக்கலைன்னு அவங்களுக்கு எழுதிட்டேன். தொண்டி அண்ணே, அந்த அஞ்சு வருசம் கையெழுத்துப் போட்ட தேதியில இருந்தா, புத்தகம் வந்த தேதியில இருந்தா?

தொண்டிக் கரை:
கையெழுத்துப் போட்ட தேதியில இருந்துதாம்மா. இன்னொண்ணும் இருக்கு. கொடுத்த உரிமைய அவங்க ஒரு வருசத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது உங்ககிட்டயே திரும்பி வந்துரும். அந்த ‘வேற மாதிரி’ வரி இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.