“அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா”: பஸ்ஸில் நடந்தவை, மனதைவிட்டுப் போகாதவை

வைகைக்கரை எழுதியது:

2006. பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் டவுன் பஸ், காலை எட்டரை மணி. அந்த நேரத்துக் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இடிமன்னர்கள் எப்படி வந்து நிற்பார்கள் என்பதும் உங்களுக்கே தெரியும். முதலில் பிரேக் போடும்போது மட்டும் சாய்வார்கள், அப்புறம் பிரேக் போடாதபோதும் சாய்வார்கள்.

மூன்று நிறுத்தம் வரை பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் திரும்பி, “அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா” என்றேன்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு அண்ணா! அவன் சிரித்துக்கொண்டே “கூட்டம்மா, நான் என்ன பண்றது” என்றான். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் “சாரி” என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சாரி சொன்னேன்.

அவன் முகம்கூட மறந்துவிட்டது. நான் கூப்பிட்ட அந்தச் சொல் மட்டும் போகவில்லை. என் சொந்த அண்ணனைக் கூப்பிடும்போதுகூடச் சில நாள் அந்த பஸ் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? என் மகள் ஜூனிலிருந்து தனியாக பஸ்ஸில் கல்லூரிக்குப் போகப் போகிறாள். அதனால்தான் கேட்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்தால் எழுதுங்கள்.

பெரம்பூர்வாசி எழுதியது:

29சி பஸ். ஊக்கு. இவ்வளவு சொன்னாலே இங்கே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். அம்மா என் துப்பட்டாவில் இரண்டு ஊக்கு குத்தி அனுப்புவார். ஒன்று துப்பட்டாவுக்கு, இன்னொன்று எதற்கு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு நாள் பின்னால் அதே தொந்தரவு. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஊக்கைக் கழற்றிக் கையைப் பின்னால் கொண்டுபோய்க் குத்திவிட்டேன். “என்னம்மா…” என்று ஒரு குரல். திரும்பினால், அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர். ஒரு கையில் ரேஷன் பை, இன்னொரு கையால் மேல்கம்பியைப் பிடித்திருக்கிறார். அவருக்கு மூன்றாவது கை கிடையாது. செய்தவன் அவருக்குப் பக்கவாட்டில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் திட்டவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார். புரிந்துவிட்டது போலிருக்கிறது. ரேஷன் பையைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து நின்றுகொண்டார். அவர் முழங்கைக்குக் கீழே ஒரு துளி ரத்தம். நான் மன்னிப்புக்கூடக் கேட்காமல் இறங்கி ஓடிவிட்டேன்.

மலைக்கோட்டை எழுதியது:

பெரம்பூர்வாசி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் “ஊக்கு வேண்டாம்” என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் அந்த ஊக்கை நம்பித்தான் படிக்கவும் வேலைக்கும் போனோம். தவறு அந்தப் பெரியவரைக் குத்தியதில் இல்லை. ஒரு பெண் திரும்பிப் பார்க்கவே பயப்படும்படி ஒரு பஸ் முழுக்க ஆட்கள் நின்றார்களே, அதில்தான் இருக்கிறது.

என் கதை சின்னது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவன் செல்போனைச் சாய்த்து என் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, “போனைக் கொடு, இல்லைன்னா இறங்கு” என்றார். அவன் இறங்கிவிட்டான். ஓட்டுநர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் காசு மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அவன் எடுத்த படங்கள் அவனோடேயே போய்விட்டன என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய நடத்துனர் எழுதியது:

நான் ஆண். இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 31 வருடம் நடத்துனர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

வருடம் 2013. மாலை நேரம், படியிலும் ஆள் தொங்கும் கூட்டம். வேலை முடிந்து வந்த ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம், நெரிசலில் நகர்ந்து என் பக்கத்தில் வந்து, “சார், அந்த நீலச் சட்டை…” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் நான் சொன்னது, “முன்னாடி வந்து நின்னுக்கம்மா.” அந்தப் பெண்ணைத்தான் நகர்த்தினேன். நீலச் சட்டை நின்ற இடத்திலேயே நின்றான். வண்டி ஏற்கெனவே தாமதம், டிரிப் ஷீட் நினைப்பு எனக்கு.

அந்தப் பெண்ணுக்கு நான் ஆறு ரூபாய் பாக்கி தர வேண்டும். டிக்கெட்டின் பின்னால் 6 என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதை வாங்காமல், தன் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார். அன்று ராத்திரி கணக்கு முடித்தபோது பையில் அந்த ஆறு ரூபாய் கூடுதலாக நின்றது.

அதற்கு முந்தைய வருடம்தான், 2012 நவம்பர் 30 அன்று, உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது. பஸ்ஸில் இப்படி நடந்து பயணி புகார் சொன்னால், வண்டியை நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு விட வேண்டியது ஓட்டுநர், நடத்துனரின் கடமை. அந்த வழக்கே நம் தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் போலீஸ்காரர் ஒருவர் தவறாக நடந்துகொண்ட வழக்குதான். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். தெரிந்திருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேனா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், நிச்சயமில்லை. ஆனால் அவனையாவது இறக்கி விட்டிருக்கலாம். ஒரு விசில் போதும்.

கொங்குநாட்டுத் தகப்பன் எழுதியது:

என் மகள் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். “நீ ஏன் அந்த பஸ்ஸில் ஏறினாய்” என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வருடம் அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அதற்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்களின் அத்துமீறலில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகுதான் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. அப்போது அதன் பெயர் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம். விளையாட்டுக்குச் சீண்டுவது போன்ற அந்தச் சொல்லை 2002இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அது பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல், பாலியல் தொல்லைக்கான பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (ஐ.பி.சி.) 354ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 75ஆக இருக்கிறது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 78. மலைக்கோட்டை சொன்னது போல அனுமதியில்லாமல் படம் எடுப்பது, கண்ணடிப்பது, விசில் அடிப்பது, முறைத்துப் பார்ப்பது இவையெல்லாம் பஸ்ஸில் குற்றம் என்று 2022 ஆகஸ்டில் தமிழக மோட்டார் வாகன விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். நடத்துனர் அப்படிப்பட்டவனை இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். ஏற்றிவிடுகிறேன் என்ற சாக்கில் நடத்துனரே தொட்டால் அதுவும் குற்றம்.

181 பெண்கள் உதவி எண், 112 அவசரத்துக்கு, ரயிலில் 139, பிள்ளைகளுக்கு 1098. டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள், எந்த வண்டி, எந்த நேரம் என்பதற்கு அது சாட்சி. வண்டியின் பதிவு எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை நிறத்தைச் சொல்லிச் சத்தம் போடுங்கள், அப்போதுதான் கூட்டத்துக்கு யார் என்று தெரியும். உடனே புகார் கொடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் நடத்துனர் ஐயா சொன்னதற்கு என் பதில், தெரியவில்லை என்பது…

வெள்ளவத்தை எழுதியது:

தகப்பன் ஐயா, குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். “உடனே புகார் கொடுங்கள்” என்பது சொல்லச் சுகம். எங்கள் இலங்கையில் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் செய்த ஆய்வில் பஸ்ஸிலும் ரயிலிலும் சேட்டைக்கு ஆளான பெண்கள் 90 வீதம். அவர்களில் போலீஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம். சட்டம் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டக் கோவை 345ஆம் பிரிவு இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. போகாத பெண்கள் எல்லாரும் சட்டம் தெரியாதவர்களா? அரை நாள் லீவு போட்டு, ஆண்கள் சூழ்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் நின்று, எங்கே தொட்டான் என்று சொல்ல வேண்டும், ஐயா. நான் போயிருந்தால் அதை இன்னொரு மொழியில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நான் போகவில்லை. கொழும்பில் காலி வீதி (Galle Road) வழியே போகும் பஸ், பின்னேரம், சரியான சனம். நான் உறைந்துபோய் நிற்கிறேன். சத்தம் வரவில்லை, தொண்டை பூட்டிக்கொண்டது. இரண்டு சீட் தள்ளி இருந்த ஒரு சிங்கள அம்மா, முன்பின் தெரியாதவர், மடியிலிருந்த மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார். “துவே, மெஹே வாடிவென்ன” என்றார். மகளே, இங்கே இரு என்று அர்த்தம். பல காலம் என்னைத் தெரிந்தவர் போலக் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் இருத்திவிட்டு, அவன் முன்னால் போய் நின்றுகொண்டார். அவனிடம் ஒன்றும் கதைக்கவில்லை. பார்த்தபடியே நின்றார். அடுத்த தரிப்பில் அவன் இறங்கினான். அவர் கையில் வெண்டிக்காயின் பிசுபிசுப்பு இருந்தது, அது என் மணிக்கட்டிலும் ஒட்டியிருந்தது.

கொங்குநாட்டுத் தகப்பன் எழுதியது:

கோபமில்லை. நீங்கள் சொன்னதைத்தான் நான் என் மகளிடம் செய்யத் தவறினேன். முதலில் இடம் கொடுத்திருக்க வேண்டும், நான் கேள்வி கேட்டுவிட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நடத்துனர் ஐயா எழுதியதை இரண்டு தடவை. “சார், அந்த நீலச் சட்டை” என்று அந்தப் பெண் சொன்னாரே, என்னால் அதுகூட முடியவில்லை.

நேற்று ராத்திரி மகளைச் சமையலறையில் நிறுத்திச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். முதலில் அவளுக்கும் “அண்ணா, தள்ளி…” என்றுதான் வாயில் வந்தது. நான் அவளிடம் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. எங்கிருந்து வருகிறது இது? அண்ணா வேண்டாம், நீங்க வேண்டாம், சாரி வேண்டாம் என்றேன். நான்கு தடவை மெதுவாகச் சொன்னாள். ஐந்தாவது தடவை “கையை எடுடா!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்புப் பக்கம் இருந்த நானே பின்னால் நகர்ந்துவிட்டேன்.

மாடி வீட்டு அம்மா பாதி கட்டிய பூவும் நாருமாகப் படியிறங்கி வந்து கதவைத் தட்டினார். “யாருடி அவன்? எங்கே இருக்கான்?” என்று கேட்டார்.