டீபாட்டில் தேநீர்: சாயம் இறங்கணும், கசக்கக் கூடாது

சாயம் போதவில்லை என்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். அதிக நேரம் ஊறினால் துவர்ப்பும் கசப்பும்தான் ஏறும். தேயிலைச் சுவை பார்ப்பவர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர முறையில் 100 மி.லி.க்கு 2 கிராம், 6 நிமிடம். அது எல்லாத் தேயிலையையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க, குடிக்க அல்ல. வீட்டில் அரை லிட்டருக்கு 8 கிராம் சரியாக இருக்கும். பி.ஓ.பி.எஃப். தரம் போன்ற பொடி இலைக்கு 3 நிமிடம், ஓ.பி. தரம் மாதிரி நீள இலைக்கு 4 முதல் 5. கரண்டிக் கணக்கு ஏமாற்றும்: பொடி இலை நெருங்கி உட்காரும், நீள இலை பாதி காற்றாக நிற்கும். சின்னத் தராசு இருந்தால் நல்லது.

---

மேலே சொன்னதோடு, டீபாட்டை முதலில் கொதிநீரில் அலசிக் கொட்டுவதையும் சேர்க்க வேண்டும். குளிர்ந்த பீங்கான் சூட்டை இழுத்துவிடும், சாயம் மந்தமாகும். ஊட்டி, நுவரெலியா பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாட் மேல் துணிப் போர்வை போட்டு அரை நிமிடம் கூடுதலாக விடலாம்.

நேரம் முடிந்ததும் முழுவதையும் வடித்து, சூடேற்றிய இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது கப் கசப்பதற்குக் காரணம், இலை உள்ளேயே கிடப்பதுதான். வடிகட்டியில் இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழியவும் வேண்டாம்.

---

எங்கட பக்கம் பிளேன் டீக்கு (பால் விடாத தேத்தண்ணிக்கு) இஞ்சி போடுறது வழக்கம். பால் சேர்க்கிறதெண்டால் இஞ்சியைத் தட்டித் தண்ணியிலேயே ரெண்டு நிமிசம் கொதிக்க விட்டுப் பிறகு பாலை ஊத்துங்கோ. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கு, அதுதான் பாலைத் திரிய வைக்கும். கொதிச்சால் அது செயலிழந்திடும்.

கோப்பையில மேலே மினுமினுப்பாய் ஒரு படலம் மிதந்து, கரண்டி பட்டதும் சில்லுச் சில்லாய்ப் பிரியுதெண்டால் தேயிலையில பிழையில்லை. தண்ணியில சுண்ணாம்பு அதிகம், அதுதான் காரணம். வடிகட்டின தண்ணி பாவியுங்கோ. பால் விடாத தேத்தண்ணியெண்டால் நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) போதும், படலம் போயிடும், நிறமும் வெளிறும். கேத்திலின்ர அடியில வெள்ளையாய்ப் படிஞ்சிருக்கிறதும் அதே சுண்ணாம்புதான். வினாகிரி கலந்த தண்ணி கொதிக்க வைச்சுக் கழுவி விடுங்கோ.