மறு: பழைய ரிப்பேரால் வந்த பழுது – இதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். முன்பு ஒருவர் செய்த தவறான ரிப்பேராலேயே பின்னால் வருகிற பழுதுக்கு, அகராதியில் சேர்க்க ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> "தவறான பழுதுபார்ப்பினால் விளைந்த பழுது" என்று விரித்து எழுதினால் போதாதா? புதுச் சொல் எதற்கு?

கட்டுரையில் போதும். என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்தப் பாகத்துக்கு என்ன கோளாறு என்று சீட்டு எழுதும்போது போதாது. அந்த இடத்தில் கை தானாகவே 'தேய்மானம்' என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் செய்கிற வேலையும் மாறிப்போகும், அதுதான் என் கவலை.

இன்னொன்றும் உண்டு. பழுது என்றால் கெட்டுப்போனது, பழுது பார்ப்பது என்றால் சரிசெய்வது. பேச்சிலும் "வண்டி ரிப்பேர்" என்றால் ஓடவில்லை, "ரிப்பேர் பண்ணியாச்சு" என்றால் ஓடுகிறது. சரிசெய்ததே கேடாகிப்போன நிலைமையை இந்தச் சொற்களை வைத்தே சொல்லப் போனால், எது எதைக் குறிக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

எனக்குக் கை பழகிய என்ஜினையே எடுத்துக்கொள்கிறேன், பழைய புல்லட் 350. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டு அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் வந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ஜின். மெதுவாகச் சுற்றும், எதையும் தாங்கும். தாங்குவதாலேயே பலர் கை அதில் பட்டிருக்கும். என்ஜினை இறக்கிப் பிரிக்கும்போது நாம் பார்ப்பதில் பாதி, கம்பெனி செய்த வேலையே அல்ல.

கிராங்க் கேஸை, அதாவது கிராங்க் தண்டு சுற்றுகிற என்ஜின் பெட்டியை, இரண்டாகப் பிளந்து, அந்தத் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கை எடுத்ததும், அது உட்கார்ந்திருந்த குழியின் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டிய சுவரில் சுற்றிலும் சொரசொரவென்று புள்ளிகள் தட்டுப்பட்டால், யாரோ சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கருவியை வைத்து வரிசையாகக் குத்தியிருக்கிறார் என்று பொருள். ஏனென்றால் குழி தளர்ந்துபோய், பேரிங் கையால் தள்ளினாலே உள்ளே போயிருக்கும். கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. சூடேறினால் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால்தான் கேஸைச் சூடாக்கி பேரிங்கை இறக்கினால் ஆறியதும் இறுகப் பிடிக்கிற மாதிரி அளவு வைத்திருக்கிறார்கள். ஆறிய நிலையிலேயே பிடிப்பு இல்லையென்றால், ஓடிச் சூடேறியபின் கொஞ்சமும் இருக்காது. முறையான வேலை என்றால் குழியை வெல்டிங் வைத்து நிரப்பியோ, ஸ்லீவ் என்கிற உள்வளையம் போட்டோ, மறுபடி அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டும். நல்ல லேத் பட்டறை வேண்டும், நாளாகும், காசாகும்.

பஞ்ச் வைத்துக் குத்தினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அலுமினியம் இம்மியளவு மேடாகும். அந்த மேட்டு நுனிகள் பேரிங்கைக் கவ்வும். தட்டி இறக்கும்போது 'நல்லா டைட்டா இருக்கு' என்றுதான் தோன்றும். ஓட ஓட நுனிகள் நசுங்கிவிடும். அப்புறம் பேரிங்கின் வெளி வளையமே குழிக்குள் சுற்ற ஆரம்பித்து, குழியை முன்னைவிடப் பெரிதாக்கிவிடும். இதைச் சீட்டில் 'பேரிங் தேய்மானம்' என்று எழுதினால், அடுத்தவர் புதுப் பேரிங் வாங்கி அதே குழியில் போடுவார். மறுபடியும் அதே கதை. குற்றம் பேரிங்கில் இல்லை, குழியில் நடந்த பழைய வேலையில் இருக்கிறது என்று ஒரே சொல்லில் எழுத முடிந்தால் அந்தச் செலவு மிச்சமாகும்.

என்ஜினின் பக்கவாட்டில் டைமிங் பல்சக்கரங்களை மூடுகிற டைமிங் கவரில் இருக்கும் கார்க் சீலும் இப்படித்தான். பிக் எண்டுக்கு (பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கோடு சேருகிற முனை) போகிற ஆயில் கவரிலிருந்து கிராங்கின் முனைக்குள் நுழைகிற இடத்தில், வெளியே வழியாமல் காப்பது அந்தச் சின்னக் கார்க். அதை விட்டுவிட்டோ, கையில் கிடைத்த ரப்பரை வெட்டி வைத்தோ கவரை மூடினால், பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் டைமிங் பெட்டிக்குள்ளேயே வழியும். வெளியில் ஒரு சொட்டுக் கசிவு தெரியாது, உள்ளே பிக் எண்டின் புஷ் வளையம் ஆயிலின்றிக் காய்ந்துகொண்டிருக்கும். கசிவே வரக்கூடாது என்று அள்ளி அப்பிய சிலிக்கான் பேஸ்ட்டும் உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாக உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும்.

மரை விஷயம் எல்லோரும் அறிந்ததுதான். பழைய கேஸ்களில் பிரிட்டிஷ் அங்குல மரைகள் உண்டு. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், இன்றைய எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் 5/16 பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) மரையில் அங்குலத்துக்கு 22 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.15 மில்லிமீட்டர், எம்8இல் 1.25. கோணமும் வேறு, அங்கே 55 டிகிரி, இங்கே 60. முதல் சுற்றுகள் ஏறும், பிறகு இறுகும், ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் அலுமினிய மரை பெயர்ந்து வரும்.

இப்போது இந்த மடலாடலில் மற்றவர்கள் முன்வைத்த சொற்களுக்கு வருகிறேன்.

> மரபுப் பழுது

முன்னவரிடமிருந்து வந்தது என்ற கருத்து நல்லதுதான். ஆனால் மரபணு, மரபுநோய் என்று பழகியவர்கள் இதை வடிவமைப்பிலேயே உள்ள குறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

> செப்பக்கேடு

சீர்கேடு, முறைகேடு வரிசையில் அழகாக உட்காருகிறது, ஐயா. செப்பனிடுதல் என்ற வேரும் தெளிவு. எனக்குள்ள தயக்கம் ஒன்றே. செப்பம் கெட்டது எதையும் இது குறிக்கும், செப்பனிட்டதால்தான் கெட்டது என்ற செய்தி சொல்லுக்குள் இல்லை. மராமத்தை வைத்துச் சொல் ஆக்கலாம் என்றவருக்கும் வணக்கம். ஏரி, குளம், கட்டடம் என்றே அந்தச் சொல் பழகிவிட்டது, என்ஜினுக்கு ஒட்டவில்லை.

பட்டறையில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. "யாரோ ஒப்பேத்தி விட்டிருக்காங்க" என்று சொல்லாத மெக்கானிக் உண்டா? சரியாக இல்லாததைச் சரியாக இருப்பதுபோல் ஆக்கி அனுப்புவது ஒப்பேற்றுவது. நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இதில் இருக்கிறது. இதையே எழுத்து வடிவில் எடுத்துக்கொண்டு, செய்த வேலைக்கு 'ஒப்பேற்று வேலை' என்றும், அதனால் பின்னால் வருகிற கேட்டுக்கு 'ஒப்பேற்றுப் பழுது' என்றும் வைக்கலாம். 'ஒப்பேற்றம்' வேண்டாம், ஏற்றம் என்ற முடிவு நல்ல பொருளை இழுத்துக்கொண்டு வருகிறது.

> எங்கட ஊரில் தொண்ணூறுகளில் பெற்றோலே இல்லை. மண்ணெண்ணெயில்தான் மோட்டார்சைக்கிள் ஓடினது. கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவம். பாகமும் வராது, இருந்ததை வைச்சுத்தான் ஒப்பேத்தினம். அதைக் கெட்ட வேலை எண்டு அகராதியில் எழுதுவீங்களோ?

யாழ்ப்பாண நண்பர் எழுதிய இந்த மடல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பொருளாதாரத் தடைக்குள் ஒரு ஊரையே நகர்த்திய கைத்திறன் அது. அதைக் குறைசொல்கிற எந்தச் சொல்லையும் நான் ஏற்க மாட்டேன். நடுவழியில் கிளச் கேபிள் அறுந்து, கிடைத்த கம்பியை முறுக்கி வீடு சேர்ந்தவரின் வேலையும் அந்த வகைதான். அங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. என்ன செய்தோம் என்று செய்தவருக்கும் தெரியும், ஓட்டுகிறவருக்கும் தெரியும், வசதி வந்ததும் மாற்றிவிடுவார்கள். பஞ்ச் வைத்துக் குத்திய குழி அப்படியல்ல. அதன்மேல் பேரிங் ஏறி, கேஸ் மூடி, பில் போட்டு, 'என்ஜின் வேலை முடிந்தது' என்று சொல்லியாகிவிட்டது.

ஆகவே இரண்டையும் பிரித்தே பதிவு செய்வோம். முதல் வகைக்கு 'இடைச்சீர்' என்று வைக்கலாமா? முறையான வேலை செய்கிறவரை இடையில் தாக்குப்பிடிக்கச் செய்யும், வெளிப்படையான சீர். வேலை மட்டமா என்பதை அளவுகோலாக வைத்தால் சண்டைதான் வரும். அடுத்துப் பிரிப்பவருக்குத் தெரியும்படி செய்ததா என்று கேட்டால் வகை பிரிப்பது எளிது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

ஒப்பேற்று வேலை (பெ.): பழுதின் காரணத்தை நீக்காமல், நீக்கியதுபோல் தோன்றும்படி செய்து மூடிவிட்ட சீர்வேலை.

ஒப்பேற்றுப் பழுது (பெ.): அத்தகைய வேலையால் பின்னர் அந்தப் பாகத்திலோ அதைச் சார்ந்த பாகத்திலோ உண்டாகும் கேடு. எ.டு. "மெயின் பேரிங் குழியில் ஒப்பேற்றுப் பழுது, ஸ்லீவ் போட வேண்டும்."

இடைச்சீருக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கவிதைச் சீரோடு குழப்பம் வரலாம் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். யாழ்ப்பாணத்திலோ மலேசியாவிலோ பட்டறைக்காரர்கள் இதற்கென்று ஒரு சொல்லைப் புழங்குகிறார்கள் என்றால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.