அவலாஞ்சிக் கரையில் டிரவுட் மீன் பிடிக்க வழிகாட்டுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி அணையின் கரையில் தக்கையும் மண்புழுவும் கொண்டு ஜிலேபிக்கும் கெண்டைக்கும் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்களுள் ஒன்றில், உரிய அனுமதியோடு, வானவில் டிரவுட் மீனைக் கரையில் நின்றே பிடிக்க விரும்புகிறேன்.

அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்து ஆங்கிலேயர் பரப்பிய இம்மீன், குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த நீரில் மட்டுமே தழைக்கும் என்பதால், நம் தென்பெண்ணையில் அதைத் தேடிப் பயனில்லை. என் ஐயம் கரையைப் பற்றியது. இத்தேக்கங்கள் குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க நீர்மட்டம் இறங்கி, செங்குத்தான வெற்றுச் சரிவும் கால் புதையும் சேறுமே எஞ்சும். அத்தகைய நாளில் ஓடை வந்து கலக்கும் வாயில் நிற்பதா, காற்று அலையைத் தள்ளிச் சேர்க்கும் கரையைத் தேடுவதா?

என்னிடம் ஏழடி ராடும் 0.35 மி.மீ. தூண்டில் நரம்பும் உள்ளன. கலங்கல் நீரில் கெண்டைக்கு இது போதும். தெளிந்த மலைநீரில் மீனின் கண்ணுக்குத் தப்பாது என்றே நினைக்கிறேன். 0.20 மி.மீ. நரம்பும், இழுக்கையில் சுழலும் தகடு கொண்ட சிறிய ஸ்பின்னரும் போதுமா, மண்புழுவுக்கு அங்கே அனுமதி உண்டா என்பதைச் சொல்லுங்கள். செயற்கைப் பூச்சித் தூண்டிலைப் பரிந்துரைக்க வேண்டாம். அதற்குக் கை பழகுவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

அனுமதிச் சீட்டை மீன்வளத் துறையிடம் பெற்றால் போதுமா, வனத் துறையின் ஒப்புதலும் தனியே வேண்டுமா என்பதை, அண்மையில் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.